சோலைக்கிளியைப் படம்பிடித்த வரலாறு

சோலைக்கிளி என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான சோலைக்காடுகளில் மட்டுமே வாழும் ஒரு சிறு பறவை. கரும்நீல உடல், வெளுத்த வயிறு, நீண்ட கால்கள், குட்டையான இறக்கைகள் ஆகியவை இதன் அடையாளங்கள். புதர்களின் அடியிலும் சருகு மூடிய தரையிலும் பூச்சி தேடித் திரியும். ஆளரவம் கேட்டால் அடுத்த புதருக்குள் மறைந்துவிடும். இருண்ட காட்டில் இருண்ட நிறத்தோடு வாழும் இப்பறவையின் உருவத்தைப் பதிவுசெய்யும் முயற்சி 1840களில் தொடங்கியது. முதலில் துப்பாக்கியும் தூரிகையும் பயன்பட்டன. பின்னர் கேமரா வந்தது. இன்று கையடக்க மின்னணுக் கருவிகள் உள்ளன. ஒவ்வொரு காலத்திலும் படம் கிடைப்பதற்காகப் பறவை ஏதோ ஒரு விலை கொடுத்திருக்கிறது. அந்த விலை எப்படிக் குறைந்துவந்தது, எங்கே இன்னும் மிச்சமிருக்கிறது என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது.

பறவையும் பெயரும்

சோலை என்ற சொல் தமிழில் மரங்கள் அடர்ந்த இடம் எதையும் குறிக்கும். நீலகிரி, பழனி, ஆனைமலை போன்ற உயர்ந்த மலைகளில் அது ஒரு தனி வகைக் காட்டுக்குப் பெயராகிவிட்டது. மலைச்சரிவின் மடிப்புகளில், ஓடையை ஒட்டி, குட்டையான மரங்கள் நெருங்கி வளர்ந்த பசுமைமாறாக் காடே அது. அதைச் சுற்றிப் புல்வெளி இருக்கும். காடு புல்வெளிக்கு நடுவே தீவுபோல நிற்கும். தாவரவியலாளர்கள் இந்தத் தமிழ்ச் சொல்லையே எடுத்துக்கொண்டதால் அது இன்று உலக அறிவியல் வழக்கிலும் உள்ளது.

'சோலைக்கிளி' என்ற பெயரும் அவ்வாறே ஆங்கிலப் பறவைப் பட்டியல்களில் ஏறியுள்ளது. தமிழில் கிளி என்றால் பச்சைக்கிளி இனமே நினைவுக்கு வரும். மலையாளத்தில் அச்சொல் சிறு பறவைகளுக்குப் பொதுவானது. எனவே சோலைக்கிளிக்கும் கிளிக்கும் உறவில்லை. அது பூச்சிகளைத் தின்னும் ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தது. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ சிட்டுக்குருவியின் அளவு. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரியிலும் அதை அடுத்த மலைகளிலும் வாழ்வது நீலகிரி சோலைக்கிளி. இதன் விலாப்புறம் செம்பழுப்பாக இருக்கும். கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனி மலைப் பகுதிகளில் வாழ்வது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. அதன் விலாப்புறம் சாம்பல் நீலமாக இருக்கும். சோலையின் நிழலில் இரண்டுமே ஏறத்தாழ கறுப்பாகத்தான் தெரியும். பறவைகளின் இறகில் காணும் நீலம் பொதுவாகச் சாயத்தால் வருவதன்று. இறகின் நுண்ணிய கட்டமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் அந்த நிறம் தோன்றுகிறது. ஒளி குறைந்தால் நீலமும் மங்கிவிடும். சோலைக்கிளியின் உண்மையான நிறத்தைக் காட்டுவது கடினமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

துப்பாக்கியின் காலம்

நீலகிரி சோலைக்கிளியை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன். அவர் 1836ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். பணி நிமித்தம் தென்னிந்தியாவின் பல பகுதிகளில் தங்கிய அவர், சென்ற இடமெல்லாம் பறவைகளைச் சேகரித்தார். நீலகிரிப் பறவையைப் பற்றிய அவருடைய விவரணை 1840களில் வெளிவந்தது.

அக்காலத்தில் ஒரு பறவையைப் 'பார்த்தேன்' என்று சொன்னால் மட்டும் போதாது. அதைச் சுட்டு, தோலை உரித்து, பூச்சி அரிக்காமல் ஆர்சனிக் கலந்த சோப்பைத் தடவி, உள்ளே பஞ்சு அடைத்து, சேகரித்த இடமும் நாளும் எழுதிய சீட்டைக் காலில் கட்டி வைக்கவேண்டும். அந்தப் பதனிட்ட உடலே சான்று. வேறொருவர் அதைக் கையில் எடுத்து அளந்து பார்த்துச் சரிபார்க்க முடிந்தது. தொலைநோக்கியின் தரம் குறைவாகவும், களத்தில் பயன்படும் கேமரா இல்லாமலும் இருந்த காலத்தில் சோலைக்கிளி போன்ற பறவையை ஆராய இதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஜெர்டன் 1843 முதல் 1847 வரை பகுதி பகுதியாகச் சென்னையில் ஒரு பறவைப் பட நூலை வெளியிட்டார். அதில் 50 வண்ணப் படங்கள் இருந்தன. அவற்றுக்கு உழைத்தவர்களில் இந்திய ஓவியர்களும் இருந்தனர். தென்னிந்தியப் பறவைகளைத் தென்னிந்தியாவிலேயே வரைந்து, கல்லச்சில் அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டும் அம்முயற்சி, கேமரா வருவதற்கு முன் பறவையின் உருவம் வாசகரிடம் எப்படிச் சென்றது என்பதைக் காட்டுகிறது. அத்தகைய படங்கள் பெரும்பாலும் செத்த பறவையைப் பார்த்து வரையப்பட்டவை. இறகின் நிறமும் அலகின் வடிவமும் அவற்றில் சரியாக இருக்கும். பறவை நிற்கும் விதமும் வாலை அசைக்கும் விதமும் ஓவியரின் ஊகமாகவே இருக்கும்.

பழனி மலையில் கிடைத்த வெண்வயிற்றுப் பறவையை 1860களின் இறுதியில் வில்லியம் தாமஸ் பிளான்ஃபோர்டு தனியாக விவரித்தார். அதன்பின் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் போன்றோர் பெருமளவில் மாதிரிகளைத் திரட்டினர். அவருக்காக நீலகிரியில் சேகரித்தவர்களில் ஒருவர் வில்லியம் டேவிசன். பறவைத் தோல்களும் முட்டைகளும் அடங்கிய ஹியூமின் மாபெரும் தொகுப்பு 1885இல் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. இன்றும் இந்தியப் பறவைகளை ஆராய்பவர்கள் அத்தொகுப்பை நாடுகின்றனர். துப்பாக்கிக் காலத்தின் விலை பறவையின் உயிர். அந்த விலைக்குக் கிடைத்த அறிவு இன்றும் பயன்படுகிறது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அசையாதவற்றை மட்டும் பிடித்த கேமரா

ஒளிப்படக் கலை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஜெர்டன் தம் பறவைகளைச் சேகரித்த அதே ஆண்டுகளில் அது வளர்ந்துவந்தது. 1856இல் சென்னை ஒளிப்படச் சங்கம் தோன்றியது. அதை உருவாக்கியதில் முதன்மையானவர் சென்னைக் கலைப்பள்ளியை நிறுவிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர். அதே காலத்தில் மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரை, தஞ்சாவூர் கோயில்களைப் படம்பிடித்தார். அப்படங்கள் இன்றும் வியக்கவைக்கும் தெளிவுடையவை.

அந்தத் தெளிவுக்குக் காரணம் கல் அசையாது என்பதே. அன்றைய படத்தாள்களுக்கும் தகடுகளுக்கும் ஒளியை உணரும் திறன் மிகக் குறைவு. ஒரு படத்துக்கு லென்ஸை நொடிக்கணக்கில், சில வேளைகளில் நிமிடக்கணக்கில் திறந்து வைக்கவேண்டியிருந்தது. வெயிலில் நிற்கும் கோபுரத்துக்கு அது பொருந்தும். காட்டுத் தரையில் ஓர் இடத்தில் இரண்டு நொடிகூட நில்லாத பறவை அதில் ஒரு கறையாகக்கூடப் பதியாது.

1880 வாக்கில் உலர்தகடுகள் கடைகளில் கிடைக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. இங்கிலாந்தில் ரிச்சர்டு கியர்ட்டன், செரி கியர்ட்டன் என்ற சகோதரர்கள் 1892இல் முட்டைகளோடு கூடிய ஒரு பாடும் பறவையின் கூட்டைப் படம்பிடித்தனர். 1895இல் அவர்கள் வெளியிட்ட பறவைக் கூடுகள் பற்றிய நூல் முழுவதும் ஒளிப்படங்களைக் கொண்டிருந்தது. பறவையை நெருங்குவதற்காக அவர்கள் மாட்டின் தோலால் ஒரு பொய் மாடு செய்து அதற்குள் கேமராவோடு ஒளிந்திருந்ததும் உண்டு. பறவை ஒளிப்படத்தின் முதல் பாடம் அவர்களிடமிருந்தே கிடைத்தது. பறவையைத் துரத்தக்கூடாது; அது திரும்பி வரும் இடத்தில் மறைந்து காத்திருக்கவேண்டும்.

கூட்டருகே மறைவிடம்

பறவை உறுதியாகத் திரும்பி வரும் இடம் அதன் கூடு. எனவே 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் எடுக்கப்பட்ட பறவைப் படங்களில் பெரும்பகுதி கூட்டுப் படங்களே. இந்தியாவில் இம்முறையை வளர்த்தவர்களில் ஈ. எச். என். லவ்தர் குறிப்பிடத்தக்கவர். ரயில்வே அதிகாரியாக இருந்த அவர், தம் அனுபவங்களை 1949இல் 'இந்தியாவில் ஒரு பறவை ஒளிப்படக்காரர்' என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக வெளியிட்டார். மலாயாவில் பிறந்து சிங்கப்பூரில் திரைப்படத் தொழில் நடத்திய லோக் வான் தோ, சாலிம் அலியோடு இந்தியக் காடுகளில் சுற்றிப் படமெடுத்தார். அவருடைய பறவை நூல் 1957இல் வந்தது.

அவர்கள் முறை ஏறத்தாழ ஒன்றுதான். கூட்டைக் கண்டுபிடித்தபின் சற்றுத் தொலைவில் துணியாலோ இலைதழையாலோ சிறு மறைவிடம் கட்டுவார்கள். பறவை அதற்குப் பழகியதும் நாளுக்குச் சில அடி நகர்த்துவார்கள். இறுதியில் ஒருவர் உள்ளே அமர, உடன் வந்தவர் திரும்பிப் போவார். ஆள் போய்விட்டதாக எண்ணிப் பறவை கூட்டுக்கு வரும். கூட்டை மறைக்கும் இலைகளையும் கிளைகளையும் ஒதுக்கிக் கட்டி ஒளி விழச் செய்வதும் உண்டு.

பொறுமையுள்ளவர்கள் கையில் இம்முறை பறவைக்குப் பெரிய கேடு செய்யாமல் முடிந்தது. அவசரக்காரர்கள் கையில் அது ஆபத்தானது. தாய்ப்பறவை நெடுநேரம் விலகியிருந்தால் முட்டை குளிர்ந்துவிடும். ஒதுக்கிய இலைகளின் இடைவெளி வழியாக வெயிலும் மழையும் கூட்டில் விழும். மனிதர் நடந்த தடம் பாம்புக்கும் கீரிக்கும் வழிகாட்டும். சோலைக்கிளி இவ்வகையில் கூடுதலாகப் பாதிக்கப்படக்கூடியது. மரப்பொந்திலோ மண்கரையின் குழியிலோ பாசி வைத்துக் கூடு கட்டி, வழக்கமாக இரண்டு முட்டைகள் மட்டுமே இடும். கோடைமழைக் காலத்தையொட்டிய சில மாதங்களே அதன் இனப்பெருக்கக் காலம். ஒரு கூடு வீணானால் அவ்விணையின் அந்த ஆண்டு முயற்சியில் பெரும்பகுதி போய்விடும்.

துப்பாக்கிக்குப் பதில் கேமரா வந்ததும் பறவை தன் உயிரை விலையாகத் தரத் தேவையில்லாமல் போயிற்று. ஆனால் கூட்டுப் படக் காலத்தில் அந்த விலையை அதன் குஞ்சுகள் தரும் அபாயம் இருந்தது.

வெளிச்சக் கரையும் இருண்ட சோலையும்

சோலைக்கிளியைக் கூட்டுக்கு வெளியே படமெடுப்பது ஏன் அவ்வளவு காலம் இயலாமல் இருந்தது? தமிழ்நாட்டின் இரண்டு நிலப்பகுதிகளை ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும்.

விழுப்புரம் மாவட்டத்தில் பிரம்மதேசத்துக்குக் கிழக்கே மரக்காணத்தின் உப்பளங்கள் விரிந்துள்ளன. அவற்றுக்குத் தெற்கே கழுவேலி நீர்நிலை, எடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியாகக் கடலோடு சேர்கிறது. 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு கழுவேலியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. குளிர்காலத்தில் அங்கு பூநாரைகளும் வாத்துகளும் உள்ளான்களும் திரளும். மறைக்க மரமில்லை. வெயில் மேலிருந்து விழுவதோடு, உப்புப் பாத்திகளிலும் நீரிலும் பட்டுக் கீழிருந்தும் எழும்பிப் பறவையின் அடிவயிறுவரை ஒளியூட்டும். அங்கு ஒளிப்படக்காரரின் கவலை தொலைவும் கண்கூசும் வெளிச்சமும் மட்டுமே.

சோலைக்குள் நிலைமை நேர்மாறு. வெப்பமண்டலப் பசுமைமாறாக் காடுகளில் மேலே விழும் ஒளியில் 1 அல்லது 2 விழுக்காடுதான் தரையை எட்டுகிறது. இதன் பொருளை ஒரு கணக்கால் புரிந்துகொள்ளலாம். தெளிந்த வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 உணர்திறனில், எஃப் 5.6 என்ற துளை அளவில் படமெடுக்கச் சுமார் 1/1000 நொடி போதும். பறக்கும் உள்ளானைக்கூட அந்நேரத்தில் உறையவைக்க முடியும். ஒளி 64இல் ஒரு பங்காகக் குறைந்த சோலைத் தரையில் அதே அமைப்புக்குச் சுமார் 1/15 நொடி வேண்டும். அந்நேரத்துக்குள் சோலைக்கிளி ஒரு முறை தலையைத் திருப்பிவிடும். வண்ணச் சுருளில் மிகத் தெளிவானதாகப் பெயர்பெற்ற ஐ.எஸ்.ஓ. 25 வகையைப் பயன்படுத்தினால் 1/4 நொடி தேவைப்படும். அது படமாகத் தேறாது.

பறவையின் நிறம் மற்றொரு சிக்கல். கேமராவின் ஒளிமானி, தான் பார்க்கும் காட்சியைச் சராசரிச் சாம்பல் நிறமாக எண்ணியே அளவு சொல்லும். படச்சட்டத்தை ஒரு கரும்பறவை நிறைத்தால் அது ஒளியைக் கூட்டச் சொல்லும், பறவை வெளிறிவிடும். பின்னால் இலைகளுக்கு இடையே ஒரு துண்டு வானம் தெரிந்தால் ஒளியைக் குறைக்கச் சொல்லும். பறவை வெறும் நிழலுருவமாகிவிடும். மானியின் சொல்லை அப்படியே கேட்காமல், எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு குறைப்பது என்பதை அனுபவத்தால் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. ஒரு சுருளில் 36 படங்கள்தான். கழுவிப் பார்க்கும்வரை முடிவு தெரியாது.

செயற்கை ஒளி

இருட்டை வெல்லத் தோன்றிய முதல் வழி, ஒளியைக் கையோடு கொண்டுபோவது. அமெரிக்காவின் ஜார்ஜ் ஷைராஸ் 1890களிலேயே மக்னீசியப் பொடியைப் பற்றவைத்து இரவில் மான்களைப் படமெடுத்தார். இந்தியாவில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் அதே முறையைப் புலிக்குப் பயன்படுத்தினார். வழியில் கட்டிய கம்பியைப் புலி மிதித்ததும் கேமராவும் ஒளியும் தாமே இயங்கும். அவருடைய புலிப்படங்கள் அடங்கிய நூல் 1927இல் வந்தது. இன்று காடுகளில் புலிகளைக் கணக்கெடுக்கும் தானியங்கிக் கேமராக்களுக்கு முன்னோடி இம்முறையே.

பொடி ஒளி பெருஞ்சத்தத்தோடும் புகையோடும் வெடிக்கும். சிறு பறவைக்கு அது ஏற்றதன்று. 1930 வாக்கில் வந்த ஃபிளாஷ் பல்பு புகையை ஒழித்தது. அதே பத்தாண்டில் அமெரிக்கப் பொறியாளர் ஹரால்டு எட்கர்டன் மின்னணு ஃபிளாஷை உருவாக்கினார். அது நொடியில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஒளிரும். 1940களின் நடுவில் இங்கிலாந்தின் எரிக் ஹாஸ்கிங் அதைப் பறவைகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். இறகின் ஒவ்வொரு இழையும் முதன்முறையாகப் படத்தில் நின்றது.

கரும்நீலப் பறவைக்கு ஃபிளாஷ் ஓர் உண்மையைக் காட்டி மற்றோர் உண்மையை மறைத்தது. நிழலில் கறுப்பாகத் தெரிந்த இறகில் நீலம் பளிச்சிட்டது. ஆனால் அருகிலுள்ள பறவைக்கு ஒளி எட்டிப் பின்னாலிருக்கும் காட்டுக்கு எட்டாததால், பகலில் எடுத்த படமும் நள்ளிரவுபோலத் தோன்றியது. பாசி படிந்த அடிமரமும் பனிமூட்டமும் படத்திலிருந்து காணாமற்போயின. பறவையின் நிறம் தெரிந்தது. அது வாழும் இடம் தெரியவில்லை.

மா. கிருஷ்ணனின் வழி

தமிழ்நாட்டில் காட்டுயிர் ஒளிப்படத்தைப் பற்றிப் பேசும்போது மா. கிருஷ்ணனைத் தவிர்க்க இயலாது. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகனான அவர் 1912இல் பிறந்தார். 1950 முதல் 1996இல் மறையும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றிய தொடரை எழுதினார். 1960இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தமிழிலும் காட்டுயிர்களைப் பற்றி எழுதினார். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கனமான கேமராவும், கறுப்பு வெள்ளைச் சுருளும் அவருடைய அடையாளங்கள்.

கிருஷ்ணனின் படங்களில் பெயர்பெற்றவை யானை முதலிய பாலூட்டிகளின் படங்கள். இக்கட்டுரைக்கு அவர் முக்கியமாவது வேறு காரணத்தால். எடுத்தவர் திறமையைக் காட்டுவது அவருக்குப் படத்தின் நோக்கமன்று. விலங்கு தன் இடத்தில் தன் போக்கில் என்ன செய்கிறது என்பதற்கு அது ஓர் ஆவணமாக இருக்கவேண்டும். எழுத்தையும் படத்தையும் அவர் அதற்காகவே சேர்த்துப் பயன்படுத்தினார். பறவையின் நிறத்தை மட்டும் காட்டிய ஃபிளாஷ் படங்களோடு ஒப்பிட்டால், பறவையையும் இடத்தையும் ஒன்றாகக் காட்டவேண்டும் என்ற பார்வைக்கு அவர் தமிழ்நாட்டில் வலுவான முன்மாதிரி.

மின்னணுக் கேமரா

1985இல் தானாகக் குவியம் காணும் கேமராக்கள் பரவத் தொடங்கின. 1999 முதல் தொழில்முறை மின்னணுக் கேமராக்களும், 2003 வாக்கில் நடுத்தர வருவாய் உள்ளவர் வாங்கக்கூடிய வகைகளும் வந்தன. சோலைக்கிளியைப் பொறுத்தவரை இவற்றில் மிக முக்கியமான மாற்றம் உணர்திறன் கூடியதே. ஐ.எஸ்.ஓ. 3200இல் நல்ல படம் கிடைக்கும் நிலை வந்ததும், முன்பு 1/15 நொடி கேட்ட அதே சோலைத் தரையில் 1/500 நொடியில் படமெடுக்க முடிந்தது. ஃபிளாஷ் தேவையில்லை. கூடும் தேவையில்லை. விடியற்காலையிலும் அந்தியிலும் சோலையோரப் பாதையில் இரைதேட வெளிவரும் பறவையை, தொலைவில் அசையாமல் அமர்ந்து இயல்பான ஒளியில் எடுத்துவிடலாம்.

பின்புறத் திரையில் படத்தை உடனே பார்க்க முடிந்ததும் பெரிய உதவி. கரும்பறவைக்கு ஒளியை எவ்வளவு குறைப்பது என்பதை அதே இடத்தில் கற்றுக்கொள்ளலாம். ஒரு தலைமுறைக்கு முன் சிலருக்கே கைவந்த கலை, வார இறுதியில் கொடைக்கானலுக்கோ உதகைக்கோ செல்லும் மாணவருக்கும் எட்டியது.

குரலை ஒலிக்கச் செய்து அழைத்தல்

எளிதாகியதோடு நெரிசலும் வந்தது. சோலைக்கிளியின் இடம் தெரிந்துவிட்டால் பலர் அங்கு வருகின்றனர். காத்திருக்க நேரமில்லாதவர்கள் கைப்பேசியில் அதன் பாட்டை ஒலிக்கச் செய்து அழைக்கின்றனர். தன் எல்லைக்குள் வேறொரு பறவை நுழைந்துவிட்டதாக எண்ணி அங்குள்ள பறவை வெளியே வந்து பாடும். படம் நன்றாக அமையும். ஆனால் அப்பறவை இல்லாத எதிரியோடு போராடுகிறது. இரைதேடும் நேரமும் குஞ்சுக்கு ஊட்டும் நேரமும் வீணாகின்றன. திறந்த பாதையில் நிற்பதால் வைரி போன்ற வேட்டைப் பறவையின் கண்ணில் படவும் கூடும். ஒரு முறை நடந்தால் பெரிய இழப்பில்லை எனலாம். ஒரே இணையிடம் ஒவ்வொரு வார இறுதியிலும் நடந்தால் அது வேறு.

இந்தியச் சட்டம் இவ்வகையில் தெளிவான ஒரு கோட்டை வரைந்துள்ளது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கியால் சுடுவதும் கூட்டைக் கலைப்பதும் ஒரே விளக்கத்துக்குள் வருகின்றன. சரணாலயங்களுக்குள் படமெடுக்க அனுமதி பெறுவதும் அச்சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. பல இயற்கை இதழ்களும் போட்டிகளும் இன்று கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. லவ்தர் காலத்தில் பறவை ஒளிப்படத்தின் உச்சமாகக் கருதப்பட்டது இப்போது தவிர்க்கவேண்டியதாகியுள்ளது.

ஒன்றுபோல் தெரிந்தவை வெவ்வேறாயின

சோலைக்கிளிகளை எந்தப் பேரினத்தில் வைப்பது என்பதில் ஜெர்டன் காலம் முதலே குழப்பம் இருந்தது. நீண்ட காலம் அவை இமயமலையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உள்ள குட்டைச்சிறகுப் பறவைகளோடு சேர்க்கப்பட்டிருந்தன. நீலகிரிப் பறவையும் பழனிப் பறவையும் ஒரே இனம் என்ற கருத்தும் நெடுங்காலம் நிலவியது.

வி. வி. ராபினும் உடன் ஆய்வாளர்களும் இக்குழப்பத்தை மரபணு வழியே அணுகினர். பறவைகளை மெல்லிய வலையில் பிடித்து, சிறிதளவு இரத்தம் எடுத்து, பின்னர் விடுவித்தனர். 2010இல் வெளியான அவர்களது ஆய்வு, பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும் உள்ள பறவைகள் மிக நெடுங்காலமாகப் பிரிந்து வாழ்ந்தவை என்று காட்டியது. 2017இல் வெளியான ஆய்வில் சோலைக்கிளிகளுக்கென்றே 'சோலிக்கோலா' என்ற புதிய பேரினம் முன்வைக்கப்பட்டது. சோலையில் வாழ்வது என்பது அதன் பொருள். தமிழ்ச் சொல்லும் இலத்தீன் விகுதியும் சேர்ந்த பெயர் அது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைப் பகுதியில் வாழும் பறவைகளுக்கு 'சோலிக்கோலா ஆசாம்புவென்சிஸ்' என்ற தனிப் பெயரும் அதே ஆய்வில் தரப்பட்டது. எல்லாப் பறவைப் பட்டியல்களும் அதைத் தனி இனமாக இன்னும் ஏற்கவில்லை.

இக்கண்டுபிடிப்பு ஒளிப்படத்தின் எல்லையையும் பயனையும் ஒருசேரக் காட்டுகிறது. எவ்வளவு தெளிவான படமாயினும் மரபணுவில் உள்ள பிரிவை அது சொல்லாது. ஆனால் எந்த மலையில், எந்தச் சோலையில், எந்த நாளில் பறவை இருந்தது என்பதைப் படம் சொல்லும். ஒரு மலையின் பறவைகள் அழிந்தால் அடுத்த மலையிலிருந்து கொண்டுவந்து நிரப்பிவிட முடியாது என்று தெரிந்தபின், அந்தத் தகவலின் மதிப்புக் கூடிவிட்டது.

படமும் பாதுகாப்பும்

சோலைக்கிளிகள் இன்று உலக அளவில் அழிவு அச்சுறுத்தலுக்கு உள்ளான பறவைகளில் அடங்கும். நீலகிரியிலும் பழனியிலும் புல்வெளிகளும் சோலைகளும் கடந்த இரு நூற்றாண்டுகளில் தேயிலைக்கும் யூக்கலிப்டஸ், சீகை, பைன் தோப்புகளுக்கும் இடம்விட்டன. நிழலான அடித்தளப் புதரை நம்பி வாழும் பறவைக்குத் திறந்த தேயிலைச் சரிவு வீடாகாது. சோலைகள் துண்டுபட்டு நிற்க, குட்டை இறக்கை கொண்ட இப்பறவை ஒரு துண்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வது அரிதாகிறது.

இந்நிலையில் ஒளிப்படம் சான்றாகப் பயன்படுகிறது. 2002இல் தொடங்கிய 'இ-பேர்டு' என்ற இணையப் பதிவேட்டில் இந்தியப் பறவை ஆர்வலர்கள் நாள், இடம், எண்ணிக்கை ஆகியவற்றோடு படங்களையும் சேர்க்கின்றனர். ஜெர்டன் காலத்தில் பறவையின் காலில் கட்டிய சீட்டு செய்த வேலையை இப்பதிவு செய்கிறது. பறவை மட்டும் சோலையிலேயே இருக்கிறது. கூட்டின் துல்லியமான இடத்தைப் பொதுவில் வெளியிடாமல் இருப்பது இப்பணியில் கடைப்பிடிக்கவேண்டிய நெறி.

ஒரு சோலைக்கிளிப் படத்தை மதிப்பிடும்போது, பறவை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைவிட, அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்ப்பது பொருத்தம். சருகைப் புரட்டி இரைதேடும் பறவையும், பாசி மரத்தடியில் இளைப்பாறும் பறவையும் தம் போக்கில் இருந்தவை. அலகில் இரையோடு கூட்டின் வாயிலில் தயங்கி நிற்பதும், கேமராவை நோக்கிப் பதற்றத்தோடு பாடுவதும் எடுத்தவரின் குறுக்கீட்டைக் காட்டக்கூடியவை. முதல் வகைப் படத்துக்குக் கருவியின் விலை பெரிதன்று. விடியலுக்குமுன் சோலையோரம் சென்று, சில மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். பறவை வராத நாள்களும் இருக்கும். அப்படிப் படமில்லாமல் திரும்பும் நாளை ஏற்றுக்கொள்பவரால்தான் பறவைக்குச் செலவு வைக்காமல் படமெடுக்க முடிகிறது.